நூற்றொன்பதில் இறக்கிய பாகு

கலைமணி டீச்சர் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. ஆசிரியர் அறையில் யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். நாற்பத்து நாலு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது, பாவம், வெளியே சொல்லாமல் மறைக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். அவளுக்கு வியாதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவள் புருஷன் மணிவண்ணன் காய்ச்சுகிற சர்க்கரைப் பாகின் வாடை அவள் மூக்கிலேயே குடியேறிவிட்டது. இனிப்பைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது.

முதல் கொதியில் வருகிற வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கல்யாண வீட்டுச் சமையல்கட்டு வாடைதான். எலுமிச்சை உப்பைப் போட்டதும் அதில் ஒரு புளிப்பு ஏறும். கடைசியில் அடிப்பிடித்த கருகல் வந்து சேரும். மூன்றும் கலந்து தலைமுடியில், புடவையில், கொடியில் காய்கிற தலையணை உறையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கொட்டகையைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக ஊரும். காட்டிலிருந்து தேனீக்கள் மோப்பம் பிடித்து வந்து பாகில் விழுந்து சாகும். மணிவண்ணன் அவற்றைக் கரண்டியால் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்த்துவைப்பான். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு தேனீயை, கிடைக்காவிட்டால் ஒரு ஜோடி இறக்கையையாவது போட்டுத்தான் மூடுவான்.

"தேனீ கெடந்தாத்தான் நம்புறாங்க, அம்மிணி" என்று முதல் தடவை சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கலைமணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் மணிவண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் பெரிய இம்சை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் சோறு வடித்து டிபன் டப்பாவில் போட்டுவைப்பான். அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது சேலம் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவன் அவன்தான். இப்படிப்பட்டவன்மேல் வெறுப்பு வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? குடிகாரன் பெண்டாட்டிக்கு ஊரே பரிந்து பேசும். தேன் வியாபாரி பெண்டாட்டிக்கு யார் பேசுவார்கள்?

கலைமணி கொல்லிமலையில் குண்டனி நாட்டில் மரவள்ளியும் சாமையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவள். அந்த ஊரிலிருந்து கீழே இறங்கி நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி வேதியியல் படித்து எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண். வேலை கிடைத்தபோது மலைக்குப் போஸ்டிங் போடுங்கள் என்று தானாகவே கேட்டாள். மலைக்கு மாற்றல் வந்தால் ஆள் பிடித்து ரத்துசெய்துகொள்ள அலைகிற ஆபீசில் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மிளகு வியாபாரம் செய்துகொண்டிருந்த மணிவண்ணனை அவளுக்கே பிடித்துப்போய்த்தான் சம்மதம் சொன்னாள். வாசலூர்பட்டி ஏரியில் படகுச் சவாரிக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வரத் தொடங்கியதும் ஏரிக்குப் போகிற ரோட்டில் அவன் ஒரு கடை போட்டான். முதலில் மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி. பிறகு தேன். மெய்யான தேன்தான். காட்டில் எடுத்துவருகிறவர்களிடம் வாங்கி வடிகட்டி விற்றான். அந்தக் காலத்துத் தேனை அவளும் சுண்டுவிரலால் தொட்டு நக்கியிருக்கிறாள்.

ஆனால் தேனீக்கு சீசன் உண்டு, சுற்றுலாக்காரனுக்கு இல்லை. கேட்கிறவன் வருஷம் பூராவும் கேட்டான். இல்லை என்று சொல்ல மணிவண்ணனுக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் புளியஞ்சோலைப் பக்கத்து பழனிமுத்து வந்து சேர்ந்தான். அடிவாரத்தில் இதே தொழிலைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஆள். காய்ச்சும் விதம் எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஒரு தெர்மாமீட்டரையும் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனான். பாகு நூற்றொன்பது டிகிரி காட்டியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், அதுதான் பதம். கீழே இருக்கிறவன் கண்டுபிடித்த பதம் அது என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கலைமணி சண்டை போட்டாள். அழுதாள். ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். எதுவும் நடக்கவில்லை. ஊரில் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வரும். கலப்படம் பிடிக்கிற ஆபீசரிடம் சொன்னால் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கடைசியில் தன் மனசோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டேன். கடைப் பக்கம் போகமாட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் படித்த படிப்பில் ஒரு சொட்டுகூட அந்த அண்டாவுக்குள் விழாது. மற்றது அவன் பாடு. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரைக்கும் தான் சுத்தம் என்று அவள் நம்பினாள். நம்பாவிட்டால் ஒருநாள்கூட அந்த வீட்டில் தூங்கியிருக்க முடியாது.

பள்ளிக்கூடத்திலும் அவளை வெறுப்பேற்ற ஒரு விஷயம் இருந்தது. அது ஒரு நம்பர்.

பதினொன்றாம் வகுப்பில் கரைசல்கள் பாடம் வரும்போது கலைமணி வருஷாவருஷம் ஒரு காரியம் செய்வாள். பீக்கரில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தெர்மாமீட்டரை மாட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன காட்டுகிறது என்று நோட்டில் எழுதச் சொல்வாள். கொல்லிமலை உயரத்தில் காற்றின் அழுத்தம் கம்மி. தண்ணீர் தொண்ணூற்றாறிலேயே கொதித்துவிடும். தெர்மாமீட்டரில் பாதரசம் தொண்ணூற்றாறில் நின்றுகொண்டிருக்கும், அதை மூக்கு முட்டக் குனிந்து பார்த்துவிட்டு, பிள்ளை நோட்டில் நூறு என்று எழுதும். ஒன்றிரண்டு இல்லை, வகுப்பே அப்படி எழுதும். பிறந்ததிலிருந்து இந்த மலையில் துவரம்பருப்பு வேகாமல் அல்லாடுகிற அடுப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கீழே கொதிக்கிற தண்ணீரின் கணக்கைத் தங்கள் பீக்கருக்கு எழுதுவார்கள்.

"கண்ணு, கண்ணால பாத்தது என்ன?"

"தொண்ணூத்தாறுங்க டீச்சர்."

"எழுதுனது என்ன?"

"நூறுங்க டீச்சர்."

"ஏன்?"

"புக்குல அப்படித்தானுங்க இருக்குது."

புத்தகத்தில் அப்படி மட்டும் இல்லை. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அந்த மூன்று சொல்லைப் படிக்கத்தான் ஆள் இல்லை. ஒருதடவை பார்வையிட வந்த ஓர் அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "லேப்ல தெர்மாமீட்டர் சரியில்ல போலிருக்கே, மாத்திருங்கம்மா" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். கலைமணி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அன்றிலிருந்து நூறு என்று எழுதிய நோட்டில் அவள் கையெழுத்துப் போடுவதில்லை. திரும்பக் காய்ச்சு, திரும்பப் பார், பார்த்ததை எழுது. கணக்குத் தப்பினால் திருத்திக்கொடுப்பாள், பார்த்ததை மாற்றி எழுதினால் மட்டும் நோட்டைத் தூக்கி மேஜையில் எறிவாள்.

பொய் பேசுகிற அண்டா ஒன்று தன் வீட்டுக் கொல்லையிலேயே கொதித்துக்கொண்டிருந்ததால்தான் அவளுக்குப் பள்ளியில் அத்தனை கோபம் வந்தது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

அந்த வருஷப் பதினொன்றாம் வகுப்பில் சுகுணா என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா குழந்தைசாமி ஏரி ரோட்டில் அன்னாசிப்பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்கிறவர். முதல் தடவையிலேயே தொண்ணூற்றாறு என்று எழுதியவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். எழுதியதோடு விடவில்லை. "அப்ப சர்க்கரை கரைச்சா இதுல இருந்துதானுங்களே டீச்சர் ஏறும்? நூறுல இருந்து ஏறாதுல்லீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பிள்ளை வரவில்லை. தண்ணீரில் எதையாவது கரைத்தால் கொதிநிலை ஏறும், ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் சர்க்கரைக்கு அரை டிகிரி. ஆனால் எதிலிருந்து ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள்.

மார்கழி பிறந்தது. முந்தின வருஷங்களில் இல்லாத பனி இறங்கியது. மணிவண்ணன் ஒருநாள் கடையிலிருந்து ஒரு பெட்டி பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிக்குப் பாதி சர்க்கரை வெள்ளையாகக் கட்டி தட்டி நின்றது. அதற்கு மேலே, பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு தேனீ மிதந்தது. சின்னப்பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும், இது தேன் இல்லை என்று. கலைமணிக்கு அதைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குமட்டலுக்கு அடியில் ஒரு சந்தோஷமும் தலை நீட்டியது.

"பழனிமுத்துக்கிட்டப் போன் போட்டுக் கேட்டுட்டேன்" என்றான் மணிவண்ணன், அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து. "அவன் சொன்னாப்லயேதான் செய்யறேன். தெர்மாமீட்டரும் அவன் குடுத்ததுதான். நூத்தொம்போது காட்டுனதும் எறக்கீருங்கறான், எறக்கீர்றேன். அங்க அவனுக்குத் தேனாட்டம் ஓடுது, இங்க எனக்குக் கல்லாட்டம் ஆகுது. என்ன எழவுன்னே தெரியல."

பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடிவாரத்தில் தண்ணீர் நூறுக்குக் கொதிக்கிறது. அங்கே நூற்றொன்பது என்றால் ஒன்பது டிகிரி ஏற்றம். இங்கே தொண்ணூற்றாறிலிருந்து நூற்றொன்பதுக்குப் போனால் பதிமூன்று டிகிரி ஏற்றம். அத்தனை தண்ணீர் ஆவியாகிப் போய், பாகு தேவைக்கு மேல் கெட்டிப்பட்டு, குளிர் பட்டதும் சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. நாலு டிகிரி முன்னாலேயே இறக்கிவிட்டால் தீர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லியே பழகிப்போன வாய் அது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க."

மணிவண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "எம்.எஸ்ஸி. படிச்ச உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

"நான் என்ன அம்மிணி, யாரையாச்சும் கொல்றனா? வெசமா கலக்கறேன்? சர்க்கரைதானே? நீ பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குச் சொல்றதைத்தானே கேக்கறேன்."

"சர்க்கரைதான்னா, சர்க்கரைப் பாகுன்னே எழுதி வித்துருங்க. நானே வந்து பதம் பாத்துக் குடுக்கறேன்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். உறைந்த பாட்டில்களை வெந்நீரில் வைத்து உருக்கினான். மறுநாள் விடிந்தால் திரும்பவும் கட்டி. திரும்ப உருக்கினான். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் கலைமணி நிம்மதியாகத் தூங்கினாள். தான் தடுக்க முடியாததை இந்த மலையும் மார்கழியும் சேர்ந்து தடுத்துவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது. தன் வாய் மட்டும் திறக்காமல் இருந்தால் போதும், பொங்கல் கூட்டம் வருவதற்குள் அவனே சலித்துப்போய் அண்டாவைக் கவிழ்த்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டார்கள். லீவில் நாலு நாள் குண்டனி நாட்டில் அம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மணிவண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாட்டில் கழுவினான். வாடை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. அந்தக் கருகல் இல்லை. அவள் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பதுதானே ஒப்பந்தம்.

பள்ளி திறந்த முதல் வாரம். கரைசல்கள் பாடத்தை ஒருதடவை திருப்பிப் பார்த்து முடிக்கலாம் என்று கலைமணி வகுப்பைக் கேட்டாள். தொகைசார் பண்புகளை, அதாவது எதையாவது கரைத்தால் கொதிநிலை ஏறுவதையும் உறைநிலை இறங்குவதையும், வாழ்க்கையில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்கு ஓர் உதாரணம். இளங்கோ எழுந்து குளிர்நாட்டில் கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தைச் சொன்னான். அவன் பிறந்ததிலிருந்து கார் ரேடியேட்டரைத் திறந்து பார்த்திருக்கமாட்டான், புத்தகத்தில் இருந்ததைச் சொன்னான். இன்னொருத்தி பனிக்கட்டி ரோட்டில் உப்புத் தூவுவதைச் சொன்னாள். அதுவும் புத்தகம்தான். கலைமணிக்கு அலுப்பாக வந்தது. "நீங்க பாத்ததைச் சொல்லுங்க, கண்ணு" என்றாள்.

சுகுணா கை தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"லீவுல நான் ஒரு கணக்குப் போட்டுக் குடுத்தேனுங்க டீச்சர். சரியா வந்துருச்சுங்க."

"எங்க?"

"சார் கடையிலீங்க. நான் அப்பாவோட ஏரி ரோட்டுல இருந்தேன். சார் வந்து, பழனிமுத்து அண்ணன் சொன்னபடி நூத்தொம்போதுலதான் எறக்கறேன், பாகு ஏன் உறையுதுன்னு தெரியல, நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொல்லிட்டு இருந்தாருங்க. பழனிமுத்து அண்ணன் எங்க காய்ச்சறாருன்னு கேட்டேன். புளியஞ்சோலைன்னாரு. உடனே தெரிஞ்சுருச்சுங்க டீச்சர்."

கலைமணி கையில் சாக்பீஸ் இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள்.

"என்ன தெரிஞ்சுது?"

சுகுணா கேட்காமலே எழுந்து கரும்பலகைக்குப் போனாள். கீழே தண்ணீர் நூறு, பாகு நூற்றொன்பது, ஏற்றம் ஒன்பது என்று எழுதினாள். மலையில் தண்ணீர் தொண்ணூற்றாறு, அதோடு அதே ஒன்பது, நூற்றைந்து என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். "பாகு ரொம்பச் செறிவான கரைசலுங்க. அதுக்கு நம்ம சூத்திரம் பொருந்தாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அதனால மோலாலிட்டி எல்லாம் போடலீங்க. ஏத்தத்தை மட்டும் எடுத்து, நம்ம கொதிநிலையோட கூட்டிட்டேன். சார் நூத்தஞ்சுல எறக்கிப் பாத்தாரு. ஒரு பாட்டில்கூட உறையலீங்க."

வகுப்பு கை தட்டியது. இளங்கோ விசில் அடித்தான்.

கலைமணி கரும்பலகையைப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை எம்.எஸ்ஸி. படித்தவர்களே கோட்டைவிடுவார்கள், இந்தப் பெண் விடவில்லை. இருபது வருஷமாக அவள் காத்திருந்த பதில் அது. அது அந்த அண்டாவுக்குள் போய் விழுந்திருந்தது. புருஷன்மேல் வெறுப்பு, பழனிமுத்துமேல் வெறுப்பு, ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்மேல்கூட ஒரு நொடி வெறுப்பு. இனிமேல் மூடிவைக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

"கணக்கு சரி" என்றாள். குரல் நடுங்கியது. "ஆனா எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தக் கடையில விக்கிறது தேன் இல்ல. சர்க்கரைப் பாகு. என் ஊட்டுக்காரர்தான் காய்ச்சறாரு. அது ஏமாத்து வேலை."

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சி என்று அவள் நினைத்தாள். சங்கடம்தான்.

"தெரியுங்க டீச்சர்" என்றான் இளங்கோ, மெதுவாக.

"என்ன தெரியும்?"

"அது சர்க்கரைன்னு எல்லாருக்கும் தெரியுங்க. எங்க ஊட்டுல யாரும் அதை வாங்கமாட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்குத்தானுங்க."

சுகுணா கையிலிருந்த சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் ஏன் கோபப்படுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. சமாதானம் சொல்கிறாற்போலச் சொன்னாள்:

"நீங்க சாருக்குச் சொல்லிக்குடுத்ததுதான்னு நெனச்சோமுங்க டீச்சர். ஏதோ மறந்துட்டாரு, நீங்களும் ஊருல இல்ல, அதான் நான் சொன்னேன். ஏரிப் பக்கம் எல்லாரும் அதை டீச்சர் தேனுன்னுதானுங்க சொல்லுவாங்க."

மணி அடித்ததா இல்லையா என்று கலைமணிக்கு நினைவில்லை. தலைமையாசிரியரிடம் மத்தியான லீவு சொல்லிவிட்டு வாசலூர்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சுத்தமாக இருக்கலாம் என்று எந்த முட்டாள் சொன்னான் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னையே வைதுகொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில்தான் ஊர் அவள் பேரை எழுதிவைத்திருந்தது. பஸ்ஸில் ஏதோ ஒரு குழந்தை கடலைமிட்டாய் தின்றது. அந்த வாடைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கடையைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போது தகரப் பலகை ஒன்று மாட்டியிருந்தான். சிவப்புப் பெயிண்டில், கை எழுத்தில், டீச்சர் தேன். அதற்குக் கீழே சின்னதாக, கெமிஸ்ட்ரி டீச்சரால் பரிசோதிக்கப்பட்டது. அலமாரியில் பாட்டில்கள் வெயிலில் பொன்னாக மின்னின. ஒன்றுகூட உறைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தேனீ.

ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வேன் ரோட்டோரம் நின்றிருந்தது. ஒரு பெண்மணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிவண்ணன் மனைவியைப் பார்த்ததும் திகைத்தான். அடுத்த நொடியே முகம் மலர்ந்துவிட்டது, பல வருஷக் கோபம் தீர்ந்து கடைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

"இதோ, டீச்சரே வந்துட்டாங்க பாருங்க" என்றான்.

"நீங்கதானுங்களா?" என்று அந்தப் பெண்மணி திரும்பினாள். "போன வருசம் எங்க அண்ணி வாங்கிட்டு வந்தாங்க. கெமிஸ்ட்ரி டீச்சர் செக் பண்ணித்தான் விப்பாங்க, வேற கடையில வாங்கிறாதேன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க."

"இது தேன் இல்லீங்க" என்றாள் கலைமணி. வகுப்பில் நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை. "சர்க்கரைப் பாகு. எங்க ஊட்டுக் கொட்டகையிலதான் காய்ச்சறது. நான் எதையும் செக் பண்ணல. உள்ள கெடக்கற தேனீ, பாகுல விழுந்து செத்தது. எடுத்துப் போட்டிருக்குது."

பெண்மணி பாட்டிலை ஒருதரம் பார்த்தாள், கலைமணியை ஒருதரம் பார்த்தாள். வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அவள் புருஷன் சிரித்தான். "எங்க ஒரிஜினல் கெடைக்குதுங்க இந்தக் காலத்துல? எல்லாப் பக்கமும் இதேதான். இவங்க வாயத் தொறந்து சொல்லீட்டாங்க, அவ்வளவுதான்."

"அதானே" என்றாள் பெண்மணி. யோசித்தாள். "இத்தனை வளைவு ஏறி வந்துட்டு வெறுங்கையோட எறங்கறதுங்களா? எங்க ஆபீசுல குடுக்கறதுக்குத்தானுங்க. நாங்க ஒண்ணும் சாப்பிடப் போறதில்ல. பாக்கத் தேனாட்டமே இருக்குது. நாலு பாட்டில் போடுங்க." போகும்போது கலைமணியின் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். "மனசுல இருக்கறதை அப்படியே சொன்னீங்க பாருங்க, உங்களை மாதிரி ஆளுங்க இருக்கற கடையிலதானுங்க நம்பி வாங்க முடியுது."

வேன் கிளம்பிப் போனது. கலைமணி அந்தப் பெண் பிடித்த கையைப் புடவையில் துடைத்தாள். எத்தனை துடைத்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை. பாட்டிலின் வெளிப்புறம் வழிந்திருந்த பாகு அந்தப் பெண்ணின் கையிலிருந்து அவள் கைக்கு ஒட்டியிருந்தது.

இனி அவன் கத்துவான், எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாய் என்று குதிப்பான் என்று எதிர்பார்த்து நின்றாள். அப்படிக் குதித்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மணிவண்ணன் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு துண்டால் தூசி தட்டினான். சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றிக் கழுவிவிட்டான்.

"உக்காரு, அம்மிணி. வெயில்ல நடந்து வந்திருக்க."

அவள் உட்காரவில்லை. தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினாள்.

"அந்தப் பேரையாச்சும் அழிச்சிருங்க."

மணிவண்ணன் அண்ணாந்து பலகையைப் பார்த்தான். அவள் கேட்பது நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"அதை அழிச்சுட்டா அப்பறம் யாரு வாங்குவாங்க?" என்றான்.